கடலும் இருபத்துநான்கு மணி நேரமும்

நெடுந்தீவிலே ஒருவன் கைதானால், அவனுக்கும் ஊர்காவற்றுறை நீதவானுக்கும் இடையே கடல் கிடக்கிறது. குறிகட்டுவான் துறைக்குப் படகேறி, பின்னர் தரைவழியே செல்லவேண்டும். சோளகம் வீசினால் படகு புறப்படுவதே அரிது. இக்கடலைச் சட்டம் மறந்துவிடவில்லை. கைதானவனை 24 மணி நேரத்துக்கு மேல் பொலிஸார் வைத்திருத்தலாகாது என்பது 1979-ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 37-ஆம் பிரிவு. நீதவானிடம் செல்வதற்கு வேண்டிய பயண நேரம் அக்கணக்கில் சேராது என்றும் அப்பிரிவே கூறுகிறது. ஆயினும் 'வேண்டிய' என்னும் சொல்லே கருதற்பாலது. கடல் அமைதியாய்க் கிடக்க, விசாரணை முடியவில்லையென்று நிலையத்தில் இருத்திய நேரம் பயணமாகுமா? ஆகாது. ஆதலின், கைதான நேரத்தை உறவினர் குறித்து வைத்தல் நன்று.

விசாரணையில் உண்மையே சொல்லவேண்டும். எனினும் தன்மீதே குற்றம் சாரக்கூடிய வினாவுக்கு விடையளிக்கக் கடமையில்லை. எழுதிய வாக்குமூலத்தை அவன் கூறிய மொழியிலேயே வாசித்துக் காட்டி, திருத்தவும் இடமளித்த பின்னரே கையொப்பம் பெறுதல் முறை. பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலையோ, 1895-ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் அவனுக்கு எதிராக எண்பிக்க விடுவதில்லை.

இக்காப்பை 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் தளர்த்திற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பெற்ற ஒப்புதல் சான்றாகலாயிற்று. 1993-இல் மட்டக்களப்பிலே கைதான சிங்கராசா தமிழ் மட்டுமே பேசுபவர். சிங்களத்தில் எழுதிய ஒப்புதலில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. 1995-இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. அவ்வழக்கில் நீதியான விசாரணை கிட்டவில்லையென்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004-இல் கண்டது. தீர்ப்புக்கு ஆதாரமாயிருந்தது அந்த ஒப்புதல் ஒன்றே.