ஓட்டுப் போட்டு அனுப்பியவரை இடையில் இறக்க முடியுமா?

(தோட்ட மக்கள் சந்திப்பொன்றில் ஆற்றிய உரை)



"ஓட்டுக் கேக்க லயத்துக்கு லயம் வந்தாங்க. ஜெயிச்ச பொறகு இந்தப் பக்கமே காணோம். அவங்கள எறக்கிட ஒரு வழி இல்லையா?" போகிற தோட்டமெல்லாம் நாம் கேட்கிற கேள்வி இது.

வழி உள்ள நாடுகள் இருக்கின்றன. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டு அதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கீழ் முதன்முதலில் சிக்கியவரின் கதையில் நமது நாடும் இருக்கிறது.

இயன் பெய்ஸ்லி என்பவர் வட அயர்லாந்தில் வட அன்ட்ரிம் தொகுதி உறுப்பினர். 2013இல் இரண்டு தடவை குடும்பத்தோடு இலங்கைக்கு விடுமுறையில் வந்தார். செலவை ஏற்றது அன்றைய இலங்கை அரசாங்கம். நாம் சீனிக்கும் மாவுக்கும் கட்டுகிற வரியும் அதுக்குள்ள இருந்திருக்கும்! அவர் இதைத் தமது பாராளுமன்றத்துக்கு முறைப்படி அறிவிக்கவில்லை. 2014இல் இலங்கை பற்றிய ஐ.நா. தீர்மானத்தை ஆதரிக்க வேண்டாமென்று தமது பிரதமருக்குக் கடிதமும் எழுதினார். 2017இல் பத்திரிகையொன்று விஷயத்தை வெளியிட்டது. 2018 ஜூலையில் பாராளுமன்றம் அவரை 30 அமர்வு நாட்களுக்கு இடைநிறுத்தியது.

பத்து நாளோ அதற்கு மேலோ இப்படி இடைநிறுத்தினால் தொகுதியில் மனுவொன்று திறக்கப்படும். ஆறு வாரத்துக்குள் நூற்றுக்குப் பத்து வாக்காளர் கையெழுத்திட்டால் ஆசனம் காலி, இடைத்தேர்தல் நடக்கும். வட அன்ட்ரிமில் தேவைப்பட்டது 7,543 கையெழுத்து. விழுந்தது 7,099. 444 குறைந்ததால் மனிதர் தப்பினார். 2019 தேர்தலிலும் வென்றார். 2024 ஜூலைத் தேர்தலில்தான், 450 வாக்குகளால் தோற்றார்.

பீட்டர்பரோ தொகுதியில் மக்கள் விடவில்லை. வேகமாக வண்டி ஓடிய வழக்கில் பொய் சொல்லிச் சிறை போன உறுப்பினரை 2019இல் கையெழுத்துப் போட்டே நீக்கினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கேயும் "வேலை செய்யல, ஊருப் பக்கம் வரல" என்று சொல்லி மனுவைத் தொடங்க முடியாது. சிறைத்தண்டனையோ, இடைநிறுத்தமோ, பொய்க் கணக்குக் காட்டிய குற்றமோ முதலில் வேண்டும்.

சரி, இலங்கையில்? வாக்காளர் கையெழுத்திட்டு பாராளுமன்ற உறுப்பினரை நீக்கச் சட்டத்தில் இடமே இல்லை. கட்சி நீக்கினால் ஆசனம் போகலாம். அப்போதும் அவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அனுமதியில்லாமல் மூன்று மாதம் சபைக்கு வராவிட்டாலும் போகும். சபைக்கு வராவிட்டால்தான்; தோட்டத்துக்கு வராவிட்டால் அல்ல! இடைத்தேர்தலும் கிடையாது. அதே கட்சிப் பட்டியலில் அடுத்தபடியாக விருப்பு வாக்குப் பெற்றவர் வந்து உட்காருவார். கட்சிக்கு இருக்கிற அதிகாரம் ஓட்டுப் போட்டவனுக்கு இல்லை என்பது நியாயமாக நமக்குப் படவில்லை. 2022 ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகியதும் வீதியில் திரண்ட மக்களின் நெருக்குதலால்தான்.

ஆகவே இன்றைக்கு நம்ம கையில் இருப்பது ஓட்டு ஒன்றுதான். கட்சிக்குப் போட்டுவிட்டு விருப்பு இலக்கத்தைச் சும்மா விடாதீர்கள். ஒரே கட்சிக்குள் வராதவரை விட்டு வந்தவரைத் தேர்ந்தெடுக்க அந்த மூன்று விருப்பு வாக்குகள் உதவும். 1947இல் நம்மவர் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948, 1949 சட்டங்களுக்குப் பிறகு, 1952 தேர்தலில் நம் மக்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லை. உறுப்பினரை நீக்கச் சட்டம் வரவில்லை, வாக்காளரை நீக்கச் சட்டம் வந்தது!

வாக்காளர் இடாப்பு வருடாவருடம் திருத்தப்படுகிறது. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள், 18 வயது முடிந்தவர்கள், கல்யாணமாகி வேறு தோட்டம் வந்த பெண்கள் பெயர்தான் அடிக்கடி விடுபடுகிறது. அப்படி விடுபட்டவர்கள் கூட்டம் கலைந்ததும் அடையாள அட்டையோடு முன்னால் வாங்க. கிராம உத்தியோகத்தரிடம் எல்லாரும் சேர்ந்தே போவோம்.