பாரமும் பாதையும்



புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை அறிந்தவர்கள் அந்த மண்ணின் இயல்பையும் அறிவார்கள். மேற்கே கற்பிட்டிக் குடாநாட்டில் தென்னந்தோப்புகளுக்கு இடையே சக்கரம் புதையும் வெண்மணல். நடுவே களப்பும் உப்பளங்களும். வடக்கே வண்ணாத்திவில்லு கடந்து எலுவன்குளம் சென்றால், கலா ஓயாவுக்கு அப்பால் வில்பத்துக் காட்டின் செம்மண் தடங்கள். கோடையில் அத்தடங்கள் தகரக் கூரையைப் போல் அலையலையாக வரிந்து கிடக்கும். மாரியில் அவையே சேறும் பள்ளமுமாகும்.

வில்பத்து 1938ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாயிற்று. 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடைய அப்பூங்கா, போர்க்காலத்தில் 1988ஆம் ஆண்டு மூடப்பட்டு, 2003ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும், போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரே பயணிகள் அச்சமின்றி வரத் தொடங்கினர். அவர்களை ஏற்றிச் செல்லும் ஜீப் வண்டிகளை நம்பி இன்று பல குடும்பங்கள் வாழ்கின்றன. சுமை ஏற்றுவதற்கென ஆக்கப்பட்ட வண்டியின் பின்புறத்தில் உயர்ந்த ஆசனங்களையும் இரும்புக் கூரையையும் பொருத்தி, அதைக் காட்டு வண்டியாக மாற்றுவது வழக்கம். இவ்வாறு பாரமேறிய வண்டிக்கு எத்தகைய அதிர்வடக்கி ஏற்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள். கராச்சுகளில் இக்கருவியைச் சொக் அப்சோபர் என்றும், சுருக்கமாகச் சொக் என்றும் சொல்வார்கள்.

முதலில், இக்கருவியின் தொழில் யாதெனத் தெளிதல் வேண்டும். வண்டியின் பாரத்தை அதிர்வடக்கி தாங்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. பாரத்தைத் தாங்குவது வில். ஜீப் வண்டிகளின் கீழே அடுக்கடுக்காகத் தகடுகளைச் சேர்த்துக் கட்டிய தகட்டுவில்லையோ, சுற்றிச் சுற்றி வளைத்த சுருள்வில்லையோ காணலாம். சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது வில் அமுங்குகிறது. அமுங்கிய வில் தான் பெற்ற சக்தியைத் திருப்பிக் கொடுத்தே தீரும். தடுப்பார் இல்லையேல், ஒரு மேட்டுக்காக வண்டி பலமுறை எழுந்து விழும். அந்த ஆட்டத்தை அடக்குவதற்காகவே அதிர்வடக்கி வைக்கப்பட்டுள்ளது. அதன் குழாயினுள் எண்ணெய் நிரம்பியிருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் நகரும்போது, எண்ணெய் சிறு துளைகளினூடாகவும் வால்வுகளினூடாகவும் நெருக்குண்டு செல்கிறது. ஆட்டத்தின் சக்தி எண்ணெயில் வெப்பமாக மாறிக் காற்றிலே கலந்துவிடுகிறது.

இந்த உண்மையிலிருந்து முதல் விதி பிறக்கிறது. வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிட்டது என்பதற்காக அதிர்வடக்கியை மாற்றுவதில் பயனில்லை. தாழ்ந்தால் வில் தளர்ந்துள்ளது, அல்லது பாரம் மிகுந்துள்ளது. மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். வண்டியை உயர்த்துவதற்காகக் காற்றடைத்த அதிர்வடக்கிகளைப் பொருத்துவோரும் உளர். அப்போது பாரத்தின் ஒரு பகுதி, அதைத் தாங்குவதற்கென ஆக்கப்படாத சிறு பிடிகளின் மேல் விழுகின்றது. கரடுமுரடான தடத்தில் அப்பிடிகள் சட்டகத்திலிருந்து கிழிந்து போவதுண்டு.

ஆகவே, அதிர்வடக்கி வாங்கப் புறப்படுமுன் வண்டியை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். ஓர் உதாரணத்தைக் கொள்வோம். வெறும் வண்டி 1,800 கிலோகிராம். ஆசனங்களும் கூரையும் 200 கிலோகிராம். சாரதி, வழிகாட்டி, பயணிகள் அறுவர் ஆக எண்மர் ஏறினால் ஏறத்தாழ 520 கிலோகிராம். குடிநீர், உணவு, உதிரிச் சக்கரம், கருவிகள் 80 கிலோகிராம். கூட்டினால் 2,600 கிலோகிராம். இதில் பெரும்பகுதி பின் அச்சின் மேலேயே அமர்கிறது. ஆதலால், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்தறிவது சிறப்பு. நெல்லும் உப்பும் நிறுக்கும் வண்டித் தராசு இருக்குமிடத்தில் சில நிமிடங்களில் இக்காரியம் முடிந்துவிடும்.

பாரம் கூடினால் அடக்கும் வலிமையும் கூட வேண்டும் என்பது மெய்யே. எவ்வளவு கூட வேண்டும் என்பதற்குப் பௌதிகத்தில் ஒரு கணக்கு உண்டு. வில் மாறாதிருக்கப் பாரம் மட்டும் நூற்றுக்கு 25 பங்கு கூடினால், தேவையான அடக்கம் நூற்றுக்கு 12 பங்கு அளவே கூடும். வில்லின் வலிமையும் பாரமும் ஒவ்வொன்றும் 25 பங்கு கூடினால், அடக்கமும் 25 பங்கு கூட வேண்டும். ஆகவே, தகட்டுவில்லில் ஒரு தகடு கூட்டியவர் அதற்கேற்ற அதிர்வடக்கியைத் தேட வேண்டும். வில்லை மாற்றாதவர் கடையிலுள்ளவற்றுள் மிகக் கடினமானதைக் கேட்டு வாங்குதல் தகாது. கடினமான அதிர்வடக்கி, ஆளில்லா வண்டியில் சக்கரத்தை நிலத்தோடு ஒட்டி ஓட விடாது. மேட்டின் அடி முழுவதும் சட்டகத்திற்கும், ஆசனத்திற்கும், அமர்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கும் போய்ச் சேரும். நாள்தோறும் விடியற்காலையில் காட்டுக்குள் சென்று மாலையில் திரும்பும் சாரதியின் இடுப்பே அந்த அடியை ஆண்டாண்டாக வாங்குகிறது.

அடக்கம் இருவகைப்படும். வில் அமுங்கும்போது தடுப்பது ஒன்று. விரியும்போது தடுப்பது மற்றொன்று. வழக்கமாக விரிவைத் தடுக்கும் வலிமையே கூடுதலாக அமைக்கப்படும். அது அளவுக்கு மிஞ்சினால், வரிவரியான தடத்தில் ஒரு வரியிலே அமுங்கிய வில், அடுத்த வரி வருமுன் விரிய முடியாமற் போகும். வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, முடிவில் இரப்பர்த் தடையில் இடிக்கும். அடக்கம் குறைந்தாலோ சக்கரம் நிலத்தை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்தில் பிரேக் பிடித்துப் பயனில்லை. தடத்தின் வளைவில் யானை நிற்கும் வேளையில், வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அக்கணம் சக்கரம் மண்ணைத் தொட்டிருக்கிறதா என்பதே தீர்மானிக்கும்.

அடுத்தது நீளம். வலிமை பார்த்து வாங்கியவர்களும் நீளம் பாராமல் நட்டமடைவதுண்டு. வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, மேற்பிடிக்கும் கீழ்ப்பிடிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். அச்சு மேலெழுந்து இரப்பர்த் தடை நசுங்கும் நிலையில் ஒருமுறையும், சட்டகத்தை உயர்த்திச் சக்கரம் தொங்கும் நிலையில் ஒருமுறையும் அவ்வாறே அளக்க வேண்டும். இவ்வளவுகள் முறையே 45, 35, 56 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். முற்றாக மூடிய அதிர்வடக்கியின் நீளம் 35 சென்ரிமீற்றருக்கு ஓரிரு சென்ரிமீற்றராவது குறைந்திருத்தல் வேண்டும். இல்லையேல் இரப்பர்த் தடைக்கு முன்னரே பிஸ்டன் அடியிலே மோதி உடையும். முற்றாக நீண்ட அளவு 56 சென்ரிமீற்றருக்குக் கூடியிருத்தல் நன்று. சில வண்டிகளில் சக்கரத்தின் தொங்கலுக்கு எல்லையாக அதிர்வடக்கியே அமைந்திருக்கும். அத்தகைய வண்டிக்கு ஆக்கியோர் குறித்த நீளத்தை மாற்றலாகாது; மாற்றினால் பிரேக் குழாய் இழுபட்டு அறுந்துவிடும்.

மூன்றாவது, கருவியின் உள்ளமைப்பு. கடைகளில் இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என இருவகை உண்டு. இரட்டைக் குழாயில் வேலை செய்யும் குழாய் உள்ளேயும், மிகுதி எண்ணெய் வெளிக் குழாயிலும் இருக்கும். விலை குறைவு, தெறிக்கும் கல் வெளிக் குழாயை நெளித்தாலும் உள்ளே பிஸ்டன் இயங்கும். ஆனால், நெடுநேரம் அதிர்ந்தால் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்து, அடக்கம் தளர்ந்துவிடும். குறைந்த அழுத்தத்தில் நைதரசன் வாயு அடைத்தவை இக்குறையை ஓரளவு நீக்கும். ஒற்றைக் குழாய் வகையைப் பிரான்சு நாட்டவரான கிறிஸ்டியன் பூர்சியே த கார்பொன் ஆக்கினார். ஜெர்மனியின் பில்ஸ்ரைன் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் அதனைக் கார்களுக்குப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. இதில் உயர் அழுத்த வாயுவையும் எண்ணெயையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது. வெப்பம் விரைந்து வெளியேறும், நுரைப்பதில்லை. ஆயினும், குழாயின் சுவரில் ஒரு கல் பள்ளம் விழுத்தினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

மெதுவாகச் சென்று, அடிக்கடி நின்று, பறவையையும் விலங்கையும் காட்டும் வண்டிக்கு, பருமனான பிஸ்டனும் வாயுவும் உடைய நல்ல இரட்டைக் குழாய் பெரும்பாலும் போதும். வரித்தடத்தில் நெடுந்தூரம் பாரத்தோடு ஓடவேண்டியவர் ஒற்றைக் குழாய்க்குச் செலவிடலாம். எதை வாங்கினாலும் ஓர் அச்சுக்கு இரண்டையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும்.

இக்கரையோரத்துக்கே உரிய பகை ஒன்றுண்டு, அது உப்பு. களப்போரச் சேறும் கடற்காற்றும் பிஸ்டன் தண்டின் மினுமினுப்பான பூச்சைத் தின்று குழி விழச் செய்யும். அக்குழிகள் ஒவ்வோர் அசைவிலும் எண்ணெய் தடுக்கும் இரப்பரை அராவும், எண்ணெய் கசியும். களப்போரம் சென்று திரும்பிய அன்றே வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவுதல் செலவில்லாத காப்பு. அதிர்வடக்கி வேலை செய்கிறதா என அறியவும் எளிய வழி உண்டு. வரித்தடத்தில் ஓடி வந்தவுடன் ஒவ்வொன்றின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்க்கலாம், தொட்டால் சுடக்கூடும். மற்றவை வெம்மை வீச ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது உழைக்கவில்லை என்பது பொருள்.

தடத்தில் வரிகள் ஏன் தோன்றுகின்றன என்பதையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். பிரித்தானியா, கனடா, பிரான்சு ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சுழலும் மணற்படுக்கையின் மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டுப் பார்த்து, 2007ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வில்லோ அதிர்வடக்கியோ இல்லாத சக்கரமும் மணலில் வரிகளை உண்டாக்கியது. ஆனால், ஒரு குறித்த வேகத்துக்குக் கீழே ஓடியபோது மணல் சமமாகவே இருந்தது. நல்ல கருவி வாங்கிவிட்டோம் என்று வேகத்தைக் கூட்டுபவர், தம் வண்டி படும் பாட்டைத் தாமே பெருக்குகிறார். பின்னால் வரும் வண்டிக்கும் அதையே விட்டுச் செல்கிறார். காட்டு விலங்குகளுக்காக விதிக்கப்பட்ட வேகக் கட்டுப்பாடு தடத்தையும் வண்டியையும் சேர்த்தே காக்கின்றது.

ஆகவே, கடைக்குச் செல்பவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கட்டும். இரண்டு அச்சுகளின் பாரமும், மூன்று நிலைகளின் நீளமும், வண்டி ஓடும் தடத்தின் இயல்பும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். வண்டிக்காகப் பட்ட கடன் தீருமுன் மீண்டும் கடன்படாதிருக்க அக்காகிதம் உதவும். ஏறி அமரும் பயணியும் நலமாக இறங்குவார்.