வளையாத இடத்தைத் தேடி

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ரிட்டையர் ஆகி என்னய்யா பண்றே?" என்று காலையிலிருந்து பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள். "வில்லு செய்யறேன்" என்றேன். ஒருவர், "வில்லுப்பாட்டா?" என்றார். இன்னொருவர், "வில்லா கட்டித் தர்றியா, எந்த ஏரியா?" என்று விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்! இல்லை ஐயா, அம்பு எய்கிற வில். ஒரே மரத்துண்டில், கைக்கருவிகளால் செய்வது. செயலாளர், "அதையே பேசிடு, பதினைந்து நிமிஷம்" என்று உத்தரவிட்டிருக்கிறார்.

நான் இருப்பது அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகருக்கு வெளியே. விமானத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். என் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு முதிய விவசாயி. இந்தத் தொழிலை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான்.

ஒரு குச்சியில் கயிற்றைக் கட்டினால் வில் ஆகிவிடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். சின்ன வயதில் தென்னை ஈர்க்கில் கட்டி விளையாடியிருக்கிறோமே! ஆனால் எந்தக் குச்சியும் தன் பலவீனமான இடத்தில்தான் முதலில் வளையும். இழுக்க இழுக்கச் சுமை முழுவதும் அந்த ஓர் இடத்திலேயே போய்ச் சேரும். அங்கேயே ஒடியும். பிடியிலிருந்து நுனி வரை இரண்டு கைகளும் சுமையைப் பங்கு போட்டுக்கொண்டு சீராக வளையும்படி மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பதற்கு 'டில்லரிங்' என்று பெயர். வில் செய்வதில் பாதி வேலை இதுதான். மீதிப் பாதி பொறுமை.

இங்கே நம் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடம் வருகிறது. பின்வரிசையில் தூங்கியவர்கள் இப்போதாவது கேளுங்கள். அகலத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு இரு மடங்கு ஆகும். கனத்தை இரு மடங்காக்கினாலோ எட்டு மடங்கு. கனத்தின் மும்மடிப் பெருக்கம் அல்லவா! அதையே திருப்பிப் பாருங்கள். கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சுரண்டிவிட்டால், அந்த இடத்தின் விறைப்பில் நூற்றுக்கு 27 பங்கு போய்விடுகிறது. ஒரு முழு அங்குலக் கனத்தில் இது இரண்டரை மில்லிமீட்டர்தான். எடுத்ததை ஒட்டவைக்க முடியாது.

மரத்துக்கு மரம் வடிவமும் மாறும். டென்மார்க்கில் ஹோல்மகார்ட் என்ற சதுப்பு நிலத்தில் 1944இல் எடுத்த வில்கள் சுமார் ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமையானவை. 'எல்ம்' மரத்தில் அகலமாக, தட்டையாகச் செய்திருக்கிறார்கள். 1545இல் மூழ்கிய இங்கிலாந்தின் 'மேரி ரோஸ்' போர்க்கப்பலை 1982இல் மேலே தூக்கினார்கள். அந்தக் கப்பலோடு கிடைத்த முழு வில்கள் மட்டுமே 137. அவை 'யூ' என்னும் மரத்தில் செய்தவை. குறுகலாக, உருண்டு, ஆளை விட உயரமாக இருக்கும். யூ மரத்தின் வெளிப்புற வெள்ளை இழுவிசையைத் தாங்கும். உள்ளே இருக்கும் வைரம் அமுக்கத்தைத் தாங்கும். இயற்கையே இரண்டையும் ஒட்டிக் கொடுத்திருக்கிறது. எல்முக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் அகலத்தைக் கூட்டிக் கனத்தைக் குறைத்தார்கள். கால்குலஸ் தெரியாதவர்கள் கண்டுபிடித்தது இது!

எங்கள் ஊரின் வில்மரம் 'ஓசேஜ் ஆரஞ்சு'. பெயரில்தான் ஆரஞ்சு, உண்மையில் நம் பலா, முசுக்கட்டை குடும்பத்தைச் சேர்ந்தது. அறுத்தால் பலாக்கட்டையை விடப் பளீரென்ற மஞ்சள். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'வில்மரம்' என்றே அழைத்தார்கள். முள்கம்பி பரவலாகும் முன்பு, 1874க்கு முந்திய காலத்தில், விவசாயிகள் இந்த முள்மரத்தைத்தான் வேலியாக நட்டார்கள்.

பக்கத்து நிலத்துக்காரரின் தாத்தா நட்ட வேலியும் அதுதான். நிலம் கைமாறியபோது புல்டோசர் வைத்து மொத்தத்தையும் பிடுங்கிவிட்டார்கள். அதற்கு முன்பே இவர் வெட்டி, ஆப்பு வைத்துப் பிளந்து, முனைகள் வெடிக்காமல் பெயிண்ட் பூசிக் கொட்டகைப் பரணில் போட்டவற்றில் ஒரே ஒரு பிளாச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. இருபது வருஷம் காய்ந்தது. பேத்திக்கு அதில் வில் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் கண்பார்வை நடுவில் மங்கிப் போயிற்று. ஓரம் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. 2019 மார்ச்சில் ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்துவிட்டார். "நீ செய். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்." பேத்திக்கு அப்போது வயது பதினான்கு.

அந்த மரம் ஒடிந்தால் வேறு இல்லை. இதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் வேலை முதுகு. வில்லின் முதுகு என்பது எய்பவருக்கு எதிர்ப்புறம், குறியைப் பார்க்கும் பக்கம். அங்கே ஒரே ஆண்டு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். அறுபட்ட இடத்தில் நார் எழும்பும், அங்கிருந்து பிளக்கும். இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள இழுப்புக் கத்தியால் பட்டை, வெள்ளை, மேல் வளையங்கள் என்று உரித்துக்கொண்டே போக வேண்டும். வளையங்களுக்கு நடுவே துளைகள் நிறைந்த மெல்லிய அடுக்கு வரும்போது கத்தி 'கர்கர்' என்று சத்தம் போடும். கெட்டியான வளையத்தில் சத்தம் அடங்கிவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நில்லு, இப்ப வளையத்துக்கு வந்துட்டே" என்பார். சரியாக இருக்கும்.

மேல் கையில், நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு கணு. கணு உள்ள இடத்தில் வளையம் மேடாக ஏறி இறங்கும். கத்தியும் கூடவே ஏறி இறங்க வேண்டும். அந்த மேட்டை அப்படியே விட்டு, இரண்டு ஓரங்களிலும் கொஞ்சம் அகலம் கூட்டிக் கொடுத்தோம். நீளம் 64 அங்குலம்.

பிறகு டில்லரிங். சுவரில் ஒரு கட்டை, அதன் மேல் வில்லின் பிடி. நாணைக் கப்பி வழியாகக் கீழே இழுக்க ஒரு கயிறு, நடுவே ஒரு தராசு. பத்தடி தள்ளி நின்று இழுத்துக்கொண்டே வளைவைப் பார்க்க வேண்டும். விதி இரண்டுதான். வளைகிற இடத்தைத் தொடாதே, வளையாத இடத்தைச் சுரண்டு. இரண்டாவது, குறித்த எடைக்கு மேல் ஒரு நாளும் இழுக்காதே. 30 பவுண்டு வில் என்றால், அந்த 30 பவுண்டு பத்து அங்குல இழுப்பிலேயே வந்தாலும் அங்கே நிறுத்து. சுரண்டு, இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்து விடு, பிறகு பார். சுரண்டியது உடனே கண்ணுக்குத் தெரியாது. அவசரக்காரர்கள் அங்கேதான் மரத்தைக் கெடுக்கிறார்கள். அதிகமாக இழுத்தால் ஒடியாவிட்டாலும், வயிற்றுப் பக்கத்து நார்கள் நசுங்கி, நாணைக் கழற்றிய பிறகும் வில் நிமிராது.

மூன்றாவது வாரம், 22 அங்குல இழுப்பில் 30 பவுண்டு காட்டியது. வேண்டியது 26 அங்குலம். கணுவுக்கு அப்பால், நுனிப் பக்கம் மற்ற இடத்தை விட ஒரு நூல் அதிகமாக வளைவது போல் இருந்தது. அவரிடம் சொன்னேன். வில்லை வாங்கிக் கட்டை விரலால் வயிற்றுப் பக்கம் முழுக்கத் தடவினார். மூன்று தடவை.

"கணுவுக்கு உள்பக்கம், பிடி வரைக்கும் எடு. கீழ்க் கையிலயும் அதே அளவு எடு. எடை குறைஞ்சா குறையட்டும்" என்றார்.

"முப்பதுன்னுதானே அவ கேட்டா?"

"பதினாலு வயசுக்கு முப்பது எதுக்கு? அதை நான் சமாளிச்சுக்கறேன்."

அடுத்த நான்கு அங்குலத்துக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அரத்தை வைத்துவிட்டு, வெறும் இரும்புத் தகட்டால் தூசு தூசாக எடுத்தேன். 26 அங்குலத்தில் 27 பவுண்டு. கணு அசையவில்லை. முழு இழுப்பில் அவர் கட்டையின் கீழேயே நின்றார், ஓரக் கண்ணால் வளைவைப் பார்ப்பதற்காகத் தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு. "தள்ளி நில்லுங்க" என்றால் கேட்கிற ஆளா!

பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வில் அவளிடம்தான். மஞ்சள் நிறம் வெயில் பட்டுப் பட்டு நல்ல தேன் நிறமாகிவிட்டது.

நான் இன்று கொண்டுவந்திருப்பது வேறு வில், 'ஹிக்கரி' மரத்தில் செய்தது. விமானத்தில் லக்கேஜில் போட்டுக் கொண்டுவருவதற்குள் நான் பட்ட பாடு தனிக் கதை. தேநீர் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பாருங்கள், இழுத்தும் பாருங்கள். ஆனால் அம்பு இல்லாமல் நாணை இழுத்து 'டொய்ங்' என்று விட்டுவிடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் மரத்துக்கே திரும்பும், ஒடிந்துவிடும். முக்கியமாக, காலையில் வில்லா விலை கேட்ட நண்பர் பக்கத்தில் யாராவது நின்றுகொள்ளுங்கள்.