தீவுகளுக்கு ஓர் இணைய அங்காடி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சில திங்களுக்கு முன் நம் சங்கத்து இளைஞர் இருவர் என்னை நாடி வந்தனர். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலுள்ள சிறு வணிகர் பலரும் ஒருங்கே தம் பொருள்களை விற்பதற்கு இணைய அங்காடி ஒன்றை அமைக்கத் தம் சேமிப்பையெல்லாம் முதலாக இடப்போவதாகக் கூறினர். கணினி நுட்பம் நான் அறியேன். ஆயினும், இரயில்வே பார்சல் அலுவலக எழுத்தனாதலின், பொருள் ஊர் போய்ச் சேரும் வகையை அறிவேன். அவர்களிடம் அன்று சொன்னதையே ஈண்டு உரைக்கின்றேன்.

அத்தீவுகளில் 2011 ஆம் ஆண்டுக் கணக்கின்படி 3,80,581 மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் தமிழரும் பலர். 744 எனத் தொடங்கும் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கண்டதும், ‘அனுப்ப இயலாது’ என்று கைவிரிக்கும் பெருநிலத்து வணிகர் உண்டு. ஆதலின் அங்காடியின் தேவையில் ஐயமில்லை. 2020 ஆகஸ்டு 10 இல் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடி வடமும் தொடங்கிவைக்கப்பெற்றது. அதன்வழிச் செய்தி நொடியில் செல்லும். சரக்கோ பெரும்பாலும் கப்பலேறியே செல்லவேண்டும். நம் கொல்கத்தாவிலிருந்து, போர்ட் பிளேர் என முன்பு வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்துக்குக் கடலில் மூன்று நான்கு நாளாகும். அதற்குத் தெற்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள காம்பல் பேக்கு வேறு கப்பல் பிடிக்கவேண்டும்.

ஆகவே, அங்காடியைக் கணினித் திரையிலிருந்து தொடங்காதீர்கள். கப்பல் புறப்படும் நாளிலிருந்து தொடங்குங்கள் என்றேன்.

காம்பல் பே அம்மையார் ஒருவர் ஸ்ரீ விஜயபுரத்து வணிகர் மூவரிடம் துணியும் நோட்டும் மருந்துத் தைலமும் கேட்கிறார் என்க. தனித்தனியே அனுப்பின் மூன்று பார்சல், மூன்று கூலி. ஓரிடத்தில் திரட்டி ஒரே பெட்டியில் ஏற்றினால் கூலி ஒன்றே. இத்திரட்டும் பணியே அங்காடியின் உயிர்.

சிறு கடைக்காரரையும் விலக்கலாகாது. ஜி.எஸ்.டி. பதிவு பெறாத சிறு வணிகரும், உரிய விதிகளுக்கு உட்பட்டு, தம் மாநிலத்துக்குள்ளோ ஒன்றியப் பகுதிக்குள்ளோ இணையவழிப் பொருள் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி உண்டு.

இனி, பழுது. 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி, முறையீட்டை 48 மணிக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு திங்களுக்குள் தீர்த்தல் வேண்டும். பழுதுற்ற பொருள் கப்பலில் திரும்பி வருவதற்குள் அத்திங்களே கழிந்துவிடும். எம் அலுவலகத்தில் கட்டுக் குலைந்திருந்தால், பெறுவோர் எதிரிலேயே திறந்து பார்த்துக் குறைவைக் குறித்துத் தரும் முறை உண்டு. அதுபோல் தீவுதோறும் நம்பிக்கையான கடைக்காரர் ஒருவர் பெட்டியைத் திறந்து காட்டிச் சான்று தரட்டும். அச்சான்றே வழக்கைத் தீர்க்கும்.

இளைஞர் இருவரும் விளம்பரச் செலவை நிறுத்திவைத்தனர். அடுத்த கப்பலில் சென்று, தீவுதோறும் துறையையும் கடையையும் நேரிற் காணப் போகின்றனர். சொன்ன நாளில் பொருள் சேர்வதே வணிகனுக்குப் புகழ். அவர்கள் முயற்சி வெல்க என வாழ்த்தி அமைகின்றேன்.