கைக்குள் வந்த கந்தோர்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோதான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாங்கள் எடுத்துக்கொண்டது உங்கள் ஒவ்வொருவருடைய கைப்பையிலும் இருக்கும் ஒரு பொருளை. கைத்தொலைபேசி, குறிப்பாக, அதில் வந்து விழும் கந்தோர்க் கடிதங்கள். இந்த மண்டபத்தில் வைத்தியர்கள், ஆசிரியைகள், வங்கி உத்தியோகத்தர்கள், கணக்காளர்கள், பொறியியலாளர்கள் எல்லோரும் இருக்கிறோம். தொழில்கள் வேறு. இரவு படுக்கப் போகமுன் வேலைத்தல மின்னஞ்சலை ஒருதரம் திறந்து பார்க்கும் பழக்கம் மட்டும் எங்களிற் பலருக்குப் பொது.

கடிதத்தின் அருமை எங்கள் தலைமுறைக்குத் தெரியும். 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்கு மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஒரு கடிதம் வர வாரக்கணக்கில் காத்திருந்தோம். 1999ஆம் ஆண்டிலும் தரைவழிப் பாதை மூடியே கிடந்தது. ஏ9 வீதி 2002இல்தான் திறந்தது. அதே 1999இல், கனடாவின் வோட்டர்லூ நகரிலிருந்த றிசேர்ச் இன் மோஷன் என்னும் நிறுவனம் பிளக்பெரி 850 என்ற சிறு கருவியை வெளியிட்டது. பார்வைக்கு வைத்தியசாலைகளில் பாவித்த பேஜர் போன்றது. ஆனால் அதில் வேலைத்தல மின்னஞ்சலை வாசிக்கலாம். சின்னஞ்சிறு விசைப்பலகையைப் பெருவிரலால் தட்டிப் பதிலும் எழுதலாம்.

மின்னஞ்சல் அதற்கு முன்னரே இருந்ததுதான். ரே டொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பு வழியே கடிதம் அனுப்பியது 1971இல். ஆனால் அந்தக் கடிதம் வந்த இடத்திலேயே கிடக்கும். நாங்கள் போய்த் திறந்தால்தான் தெரியும். தபாற்கந்தோருக்கு நடந்துபோய் "எங்களுக்கு ஏதும் வந்திருக்கிறதோ?" என்று கேட்பது போல. பிளக்பெரி அந்த முறையை மாற்றியது. கடிதம் வந்த கையோடு கருவிக்குத் தள்ளிவிடப்பட்டது. படலையில் நின்று மணியடித்த தபாற்காரர் இப்போது நேரே வீட்டுக்குள் வந்து, சாப்பாட்டு மேசையருகிலும் படுக்கையறையிலும் நின்று மணியடிக்கத் தொடங்கினார். 2007இல் ஐபோனும், அதைத் தொடர்ந்து அன்ட்ரொயிட் தொலைபேசிகளும் வந்தபின், பெரிய அதிகாரிகளின் கையிலிருந்த அந்த வசதி எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்தது.

இதன் நன்மையை மறுப்பதற்கில்லை, அதிலும் பெண்களுக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நிற்கும் தாய், கட்டிலருகில் இருந்தபடியே ஒரு கூட்டக் குறிப்புக்கு ஒப்புதல் கொடுக்கலாம். வயதான அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச்சென்று வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த மாதக் கடமைப் பட்டியலைச் சரிபார்க்கலாம். இது கையில் இருப்பதால்தான் நேரத்தோடு வீட்டுக்குப் போக முடிகிறது என்று சொல்லும் தோழிகள் பலர். ஆனால் நேரத்தோடு வீட்டுக்குப் போனவரை அங்கேயும் கந்தோரில் இருத்திவிடுவதும் இதே கருவிதான். சோறு அடுப்பில், பிள்ளை பாடப் புத்தகத்தோடு பக்கத்தில், கண் மட்டும் தொலைபேசியில்.

எங்கள் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். வைத்தியசாலையில் 'ஒன்கோல்' என்று ஒரு முறை உண்டு. எந்த இரவு யார் என்று பட்டியல் போட்டிருக்கும். அன்று கூப்பிட்டால் எழும்பத்தான் வேண்டும். மற்ற இரவுகளில் வேறொருவர் எழும்புவார். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் மனிதரால் அந்த வேலையைத் தாங்க முடிகிறது. அழைப்பு வரலாம் என்று எதிர்பார்த்துப் படுக்கும் இரவில், அழைப்பு வராவிட்டாலும் நித்திரை சரியாக வராது என்பதை ஒன்கோல் செய்த எந்த வைத்தியரும் சொல்வார். இன்னொன்று: ஒரு நோயாளியின் உயிருக்கு ஆபத்தான பரிசோதனை முடிவை ஆய்வுகூடம் மின்னஞ்சலில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வதே முறை. மறுபக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டார் என்ற உறுதி வேண்டும் அல்லவா?

மின்னஞ்சல் காத்திருக்கக்கூடியது. கைத்தொலைபேசியோ அதைப் பட்டியலே இல்லாத ஒன்கோலாக மாற்றிவிட்டது. ஒவ்வோர் இரவும் எல்லோருக்கும் கடமை; ஓய்வு யாருக்கு என்று எங்கும் எழுதியில்லை. எனவே அந்தப் பட்டியலை நாங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, படலையைச் சாத்தப் பழகுவோம். தொலைபேசியின் செற்றிங்ஸில் கடிதங்களைத் தள்ளிவிடுவதை நிறுத்தலாம். ஐபோனின் மெயில் செயலியில், நாங்களாகத் திறக்கும்போது மட்டும் கடிதத்தை எடுத்துவரும்படி வைக்கலாம். பல அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் வேலைக்கென்று தனிப் பகுதி வைத்து, மாலையில் அதை ஒரே தட்டலில் நிறுத்திவைக்கலாம். எந்தக் கடிதமும் தொலையாது. திறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது நாங்களாக இருப்போம், அவ்வளவுதான்.

இரண்டாவது, பிறருடைய இரகசியம். ஆசிரியைக்கு மாணவியின் குடும்ப விவரம், வங்கி உத்தியோகத்தருக்கு வாடிக்கையாளரின் கணக்கு, எங்களுக்கு நோயாளியின் அறிக்கை. பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கும் அதே தொலைபேசியில்தான் இவை எல்லாம் கிடக்கின்றன. பூட்டிய திரையிலும் கடிதத்தின் முதல் வரிகள் தெரியக்கூடும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரும் வாசிக்கலாம். அதை மறைத்து வைக்க ஒரு நிமிடம் போதும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தரவை விசேட வகையாகவே கருதுகிறது.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. சொந்தத் தொலைபேசியில் வேலைத்தலக் கணக்கை இணைக்கும்போது, தொலைபேசி தொலைந்தால் அதிலுள்ளதைத் தூரத்திலிருந்தே அழிக்கும் அதிகாரத்தைச் சில நிறுவனங்கள் கேட்கும். நோயாளியின் பாதுகாப்புக்கு அது நல்லதே. ஆனால் சில அமைப்புகளில் வேலைக் கடிதங்களுடன் சேர்த்து முழுத் தொலைபேசியுமே அழியும். பிள்ளையின் முதற் பிறந்தநாள் படமும் அம்மாவின் கடைசிப் படமும் கூடப் போய்விடும். வாசித்துப் பார்த்துச் சம்மதியுங்கள். படங்களுக்கு வேறோர் இடத்தில் பிரதி வையுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. வெளிநாடுகளிலுள்ள சகோதரிகள் சில சட்டங்களை அறிந்திருப்பீர்கள். பிரான்சில் 2017 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களுடன் பேச வேண்டும். ஒன்ராறியோவில் 2021இல் நிறைவேறிய சட்டப்படி, 25 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் இதற்கென எழுத்தில் ஒரு கொள்கை இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் 26 முதல், நியாயமற்ற மறுப்பாக இல்லாதவரை, வேலை நேரத்துக்கு வெளியே வரும் கடிதத்தை வாசிக்காமலே விடலாம். இவற்றுக்கெல்லாம் முன்னரே, 2011இல், ஜேர்மனியில் வொக்ஸ்வாகன் நிறுவனம் தன் ஊழியர் பலருக்கு வேலை முடிந்து அரை மணித்தியாலத்தின் பின் பிளக்பெரிக்குக் கடிதம் போவதை நிறுத்த உடன்பட்டது.

சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேலே இருப்பவரின் பழக்கம்தான் கீழே இருப்பவருக்குச் சட்டம். எங்கள் வயதில் இருப்பவர்கள் இன்று பகுதித் தலைவிகள், முகாமையாளர்கள், அதிபர்கள், விசேட வைத்திய நிபுணர்கள். பிள்ளைகள் படுத்தபின் இரவு 11 மணிக்குத்தான் எங்களுக்கு எழுத நேரம் கிடைக்கிறது. 'அவசரமில்லை' என்று சேர்த்தே எழுதுகிறோம். ஆனால் அதைப் பெறும் உள்ளகப் பயிற்சி வைத்தியருக்கோ புதிதாகச் சேர்ந்த ஆசிரியைக்கோ அது கட்டளையாகத்தான் கேட்கும். அந்தப் பிள்ளை எழும்பி உட்கார்ந்து பதில் எழுதும். காலையில் நித்திரை முறிந்த கண்ணோடு விடுதிக்கு வந்து ஊசி மருந்தின் அளவைக் கணக்கிடும். எழுதுவதை இரவிலேயே எழுதுங்கள். காலை எட்டு மணிக்குப் போய்ச்சேரும்படி நேரம் குறித்து வையுங்கள். ஜிமெயிலில் 2019 முதல் அந்த வசதி இருக்கிறது.

இது எங்கள் சங்கத்துக்கும் பொருந்தும். கோடை காலத்தில் ரொறன்ரோவில் பிற்பகல் 2 மணி என்றால் இங்கே இரவு 11.30. லண்டனில் மாலை 7 மணி என்றாலும் அதே 11.30தான். நூற்றாண்டு வேலைகள் நடந்த இந்த மாதங்களில் எத்தனை கிளைகளிலிருந்து எத்தனை கடிதங்கள் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கல்லூரி மீதுள்ள அன்பினால்தான் எல்லோரும் எழுதினோம். அந்த அன்பு வந்து சேரும் இடம், காலையில் முதல் மணிக்கு முன்னரே படலையடியில் நின்று பிள்ளைகளை வரவேற்க வேண்டிய ஒருவருடைய தலைமாடு. ஆகவே எங்கள் வேண்டுகோள் இரண்டு. கிளைகளின் கடிதங்கள் அனைத்தும் கல்லூரியின் மின்னஞ்சலுக்கே, இலங்கை நேரப்படி வேலை நேரத்தில் வந்து சேரட்டும். உண்மையான அவசரம் என்றால் தொலைபேசியில் அழையுங்கள். அதற்கு எந்த நேரமும் தடையில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுத்தால், நூற்றாண்டு ஆண்டில் ஆசிரியைகளுக்கு நாங்கள் கொடுக்கும் செலவில்லாத பரிசாக அது இருக்கும்.

எங்கள் கல்லூரி மணி பாடம் தொடங்கவும் அடித்தது, வீட்டுக்குப் போகவும் அடித்தது. கடைசி மணிக்குப் பிறகு வகுப்பறையில் நின்றால் "வீட்டை போங்கோ பிள்ளையள்" என்று கலைத்துவிட்ட ஆசிரியைகள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். இரண்டாவது நூற்றாண்டில் கால்வைக்கும் கல்லூரித் தாய் நீடு வாழ்க.