காற்றுச் செடியின் தாகம்

பெயரை நம்பி மோசம் போவதற்குக் காற்றுச் செடியைப் போல் இன்னோர் உதாரணம் கிடைத்தல் அரிது. மண்ணும் சாடியும் வேண்டாத செடி. காற்றை உண்டு வாழும் செடி என்று கடைக்காரர் கூறுகிறார். வாங்கியவர் அதனை விறாந்தையில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத் தம் அலுவலைப் பார்க்கிறார். மூன்று மாதங்களில் அது வைக்கோலாகிவிடுகிறது. உயிரோடிருந்தபோதும் சாம்பல் நிறமாகவே இருந்தமையால், அது என்று இறந்தது என்பதுகூட வீட்டாருக்குத் தெரிவதில்லை.

தாவர நூலார் இவ்வினத்தைத் தில்லாண்ட்சியா என்பர். இது அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதி தொடங்கி ஆசெந்தீனா வரையும் அறுநூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றுட் பல மரக்கிளைகளிற் பற்றியிருப்பவை. பற்றியிருப்பினும், நம் மாமரத்திற் படரும் குருவிச்சையைப்போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவனவல்ல. குருவிச்சை ஒட்டுண்ணி, இதுவோ மேலொட்டி. மரம் இதற்கு இருக்கை மட்டுமே தருகிறது.

பெயர் வந்த கதை சுவையானது. எலியாசு தில்லாண்ட்சு என்பவர் பதினேழாம் நூற்றாண்டில், இன்று பின்லாந்தைச் சேர்ந்த தூர்க்கு நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். கடற்பயணத்தில் மிகவும் துன்புற்ற அவர், மீண்டும் கப்பலேற மனமின்றிப் பொத்னியா வளைகுடாவைச் சுற்றித் தரைவழியே ஊர் திரும்பினார் என்பர். இச்செடி நீரை வெறுப்பது என எண்ணிய தாவரவியலறிஞர் லின்னேயசு, நீருக்கு அஞ்சிய அம்மனிதரின் பெயரையே இதற்குச் சூட்டினார். பேரறிஞர்தாம், ஆயினும் இவ்விடத்தில் அவர் எண்ணியது தவறு.

இச்செடி நீரை வெறுப்பதன்று. அதனை வேரால் அருந்தாமல் இலையால் அருந்துகிறது என்பதே உண்மை. வேரின் தொழில் பற்றிக்கொள்ளுதல் மாத்திரமே. இலைகளின் மேல் நுண்ணிய வெண்செதில்கள் நெருங்கியுள்ளன. நீர் பட்டதும் அவை அதனை ஈர்த்து உள்ளே செலுத்துகின்றன. அப்போது சாம்பல் நிறம் மறைந்து பச்சை தோன்றுவதை எவரும் கண்ணாற் காணலாம். பேரு, சிலி ஆகிய நாடுகளின் கரையோரப் பாலைநிலங்களில், மழை அரிதாகிய வெறும் மணலில், சில தில்லாண்ட்சியாக்கள் கடலிலிருந்து வரும் மூடுபனியைக் கொண்டே வாழ்கின்றன. அவை வாழ்வது காற்றினாலன்று. காற்றுச் சுமந்து வரும் நீரினால்.

ஆகவே வீட்டில் வளர்ப்போர் வாரத்துக்கு ஒரு தடவையேனும் செடியை ஒரு பாத்திர நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வைத்தல் வேண்டும். வரண்ட காற்று வீசும் காலத்தில் இடையிடையே நீர் தெளித்தலும் நன்று. மழைநீரே சிறந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீர். அதன் உப்புகள் நாளடைவிற் செதில்களிற் படிந்து அவற்றை அடைத்துவிடும்.

இனி, நீரூட்டுவதிலும் முக்கியமானது உலர்த்துவது. நம் நாட்டு ஈரக்காற்றில், தாகத்தால் மடிவதற்கு நிகராக அழுகியும் இவை மடியக்கூடும். நனைத்த செடியைத் தலைகீழாகப் பிடித்து உதறி, இலையடிகளில் தேங்கிய நீரை வெளியேற்றிக் காற்றோட்டமான இடத்திற் சாய்த்து வைக்க வேண்டும். நாலு மணி நேரத்துள் அது உலர்ந்துவிடுதல் நலம். நனைப்பதற்கு ஏற்ற வேளை காலை. இச்செடிகள் பகலில் இலைவாய்களை மூடி, இரவிலே திறந்து காபனீரொட்சைட்டை உட்கொள்பவை. இராப்பொழுதில் இலைமேல் நீர்ப்படலம் நின்றால் அவை மூச்சுத்திணறும் எனலாம். கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்து வைப்பது பார்வைக்கு அழகு, செடிக்குக் கேடு. அடியிலே பொச்சுத் தும்பைத் திணிப்பதும் அத்தகையதே. மரக்கட்டையிற் கட்டுவதாயின் தங்கூசி போதும்; செப்புக் கம்பி நஞ்சாகும். யன்னலோர வெளிச்சம் வேண்டும், உச்சிவெயில் ஆகாது.

இவ்வளவும் செய்த பின்னர், ஒருநாள் செடி பூக்கும். அயனாந்தா என்னும் சிறுவகை, ஊதாப் பூ விடுமுன் இலைகளெல்லாம் செம்மை பூண்டு நிற்பது காணத்தக்க காட்சி. ஒரு தடவை பூத்த செடி மீண்டும் பூப்பதில்லை. மெல்ல மெல்ல வாடும். தம் பராமரிப்பிற் பிழை நேர்ந்ததென்று மனம் நொந்து அதனைக் குப்பையில் எறிபவர் உளர். எறியுமுன் அடியை விலக்கிப் பார்த்தல் வேண்டும். வாழையடியிற் குட்டி போல அங்கே இளங்கன்றுகள் முளைத்திருக்கும். தாயின் அளவில் மூன்றிலொரு பங்காயினும் வளரும்வரை அவற்றைப் பிரிக்கலாகாது. அதுவரை வாடும் தாய்ச்செடிக்கும் வழக்கம்போல நீர் வேண்டும்.