கடற்கரை விடுதியும் கரையேறும் ஆமையும்



சில மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை, எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு பினாங்குக்குப் போயிருந்தோம். பட்டர்வொர்த்தில் பெரி ஏறி, அக்கரையில் இறங்கி, நேரே சூலியா தெருவுக்கு நடந்தோம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களையும் கப்பலோட்டிகளையும் அக்காலத்தில் சூலியாக்கள் என்று அழைத்தார்கள். அவர்கள் பெயரையே அந்தத் தெரு தாங்கி நிற்கிறது. கிங் தெரு வந்து சேரும் மூலையில் நாகூர் தர்கா இருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம். நாகூரைப் படத்தில்கூடப் பார்த்திராத நம் பிள்ளைகள், அதன் சிறு கோபுரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அஞ்சடியில் வெள்ளைக்காரப் பயணிகள் முதுகு மூட்டைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். மலிவு விடுதிகளுக்குப் பெயர் பெற்ற தெரு அது. அங்கே ஓரிரு நாள் தங்குவார்கள். பிறகு படகுத்துறையிலிருந்து பேருந்து ஏறி பத்து பெரிங்கிக் கடற்கரைக்குப் போவார்கள். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "இவங்கெல்லாம் இங்க வந்து தங்குறாங்க. இங்க இருந்தவங்க எங்க போய்த் தங்குறாங்க, டீச்சர்?"

உடனே நமக்குப் பதில் வரவில்லை. "நடங்க, நடங்க, நேரமாச்சு" என்று சொல்லிச் சமாளித்தோம். ஆசிரியர்கள் அனைவருக்கும் தெரிந்த உபாயம்தான் அது.

சுற்றுப்பயணம் ஓர் ஊரின் பண்பாட்டையும் இயற்கையையும் காக்குமா என்பதுதான், யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்வி. இதற்கு விடை தேட நம் நாட்டின் கிழக்குக் கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு கடற்கரை விடுதியின் கதை பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது.

திரங்கானு மாநிலத்தில் டுங்குன் பட்டணத்துக்கு அருகே தஞ்சோங் ஜாரா என்ற கடற்கரை உண்டு. அங்கே 1980இல் ஒரு விடுதி கட்டி முடிக்கப்பட்டது. அடுக்குமாடியாகச் சிமெண்டில் எழுப்பாமல், பழைய மலாய் அரண்மனைகளை முன்மாதிரியாகக் கொண்டு மரத்திலேயே கட்டினார்கள். தரையிலிருந்து உயர்த்திய வீடுகள், செங்குத்தான கூரை, கையால் செய்த மண் ஓடுகள், காற்று உள்ளே வந்து வெளியேற மரச்சட்டப் பின்னல்கள். கைவிடப்படும் நிலையிலிருந்த தச்சு வேலைக்கும் மரச் செதுக்கலுக்கும் ஓட்டு வேலைக்கும் இதனால் மறுபடியும் தேவை பிறந்தது. 1983இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது இந்த விடுதிக்கும், இதனோடு சேர்த்துக் கட்டிய ரந்தாவ் அபாங் பார்வையாளர் மையத்துக்கும் கிடைத்தது. விடுதி ஒன்று உள்ளூர்ப் பண்பாட்டுக்குத் துணை நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நம் நாட்டில் தேடுவது கடினம்.

ஆனால் அந்தப் பார்வையாளர் மையம் யாருக்காகக் கட்டப்பட்டது? ரந்தாவ் அபாங்கில் கரையேறிய ஆமைகளைக் காண வருவோருக்காக. கடலாமைகளிலேயே மிகப் பெரியது அந்த இனம். பல நூறு கிலோ எடை. முதுகில் கெட்டியான ஓடு கிடையாது, தோல்தான். அதன் மேல் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள். அதனால்தான் மலாய்க்காரர்கள் அதைப் 'பென்யு பெலிம்பிங்' என்கிறார்கள். நம் தோட்டத்து வீடுகளில் காய்க்கும் பெலிம்பிங் பழத்தின் வரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு மீனவர்கள் அதை ஏழுவரி ஆமை என்பார்கள்.

1950களில் ரந்தாவ் அபாங் கரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 முறை இந்த ஆமைகள் முட்டையிட்டன. 1990களின் நடுவிலோ அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு ஒன்றுகூடக் கரையேறாத ஆண்டுகளும் வந்தன.

எப்படி இது நடந்தது? முட்டைகளை எடுக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. இட்ட முட்டைகளில் பெரும்பகுதி சந்தைக்குப் போனது. கடலில் வலைகளில் சிக்கி இறந்தவை பல. இரவில் கரையேறிய ஆமையைக் கைவிளக்கோடு சூழ்ந்துகொண்டவர்களும், அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். 1961இலிருந்து முட்டைகளில் ஒரு பகுதியை வாங்கிப் பொரிப்பகத்தில் பொரிக்க வைத்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த அந்த வேலையிலும் ஒரு பிழை நேர்ந்தது. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 பாகை செல்சியசைத் தாண்டினால் பெண் குஞ்சுகள் மிகும். பொரிப்பகத்தின் மணல் சூடானது. வெளிவந்தவை அநேகமாக எல்லாமே பெண் குஞ்சுகள். ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தபோது காலம் கடந்துவிட்டது.

இதில் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆமை நீண்ட காலம் வாழும் உயிர். குஞ்சுகள் பிறக்காமல் போனாலும் பழைய ஆமைகள் பல ஆண்டுகள் அதே கரைக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்கோ, 'ஆமைகள்தாம் வருகின்றனவே, என்ன குறை?' என்று தோன்றும். வந்தவை எல்லாம் கிழ ஆமைகள் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த அழகிய மரவிடுதி எழுந்தபோதே கரையில் கூட்டம் குறைந்துவிட்டிருந்தது.

இப்போது சூலியா தெருவுக்குத் திரும்புவோம். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் நெடுங்காலம் குறைந்த வாடகைக்குக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களுக்குக் காப்பாக இருந்தது. அது 1999 இறுதியோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, பல குடும்பங்கள் வெளியேறின. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. பழுது பார்த்தார்கள், சுண்ணாம்பு பூசினார்கள். பல வீடுகள் விடுதிகளாயின.

அன்று நண்பகல் நாசி கண்டார் கடை ஒன்றில் சாப்பிட்டோம். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் அந்த மாணவனின் கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம். "மாடியிலதான் பொறந்தேன். இப்ப பாயான் பாருல இருக்கேன், தினம் மோட்டார்ல வர்றேன்" என்றார். பிள்ளைகள்? "அவங்க ஏன் வரணும், எல்லாம் பேக்டரியில வேலை." அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார், அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. நம் தோட்டங்களிலும் இதே கதைதான். நிலம் வீடமைப்புக்கும் கோல்ப் திடலுக்கும் போய், லயம் இடிந்து, கோயில் மட்டும் தனியே நிற்கும் இடங்கள் உண்டு. திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் வருகிறார்கள். கூட்டமும் இருக்கிறது.

ஆகவே ஒரு விடுதி 'நாங்கள் பண்பாட்டைக் காக்கிறோம், இயற்கையைக் காக்கிறோம்' என்று சொன்னால், நாம் கேட்க வேண்டியது இளையவற்றைப் பற்றித்தான். செதுக்கு வேலைப்பாட்டைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்பதோடு நிற்காமல், அந்தச் செதுக்குத் தச்சரிடம் பழகும் பையன் யார் என்று கேட்க வேண்டும். ஆமைப் படத்தை வாசலில் வைத்திருக்கிறார்களா என்பதோடு நிற்காமல், முட்டையிடும் மாதங்களில் கடலைப் பார்த்த விளக்குகளை அணைக்கிறார்களா என்று கேட்க வேண்டும். மணலைவிட்டு வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று எண்ணி நகரும். இயற்கையான இரவில் அது சரியாகவே இருக்கும். விடுதி விளக்கு எரிந்தால் குஞ்சு சாலைக்கு ஏறிவிடும். விளக்கை அணைப்பதற்குப் பெரிய செலவும் இல்லை.

பினாங்கிலேயே பார்க்க வேண்டுமானால் தெலுக் பாஹாங்குக்கு அப்பால், 2003இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பந்தாய் கெராச்சுட்டுக்குப் போகலாம். காட்டு வழியே நடந்து போகவேண்டும், அல்லது படகு. விடுதி ஏதும் கிடையாது. மீன்வளத் துறையின் ஆமைக் காப்பு நிலையம் மட்டும் உண்டு. பேராமைகள் அங்கே இன்னும் கரையேறுகின்றன. திரங்கானுவிலும் 2022 ஜூன் முதல் எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனையும் தடை செய்யப்பட்டுள்ளது. ஏழுவரி ஆமைக்கு அது பிந்தி வந்த சட்டம், பேராமைக்கு அப்படியல்ல.

அன்று மாலை பெரியில் திரும்பி வரும்போது மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தோம். சூலியா தெருவில் காலையிலிருந்து எத்தனை சிறுபிள்ளைகளைப் பார்த்தீர்கள், நினைவுபடுத்திச் சொல்லுங்கள் என்றோம். விரல்களை மடக்கி, ஒருவரை ஒருவர் திருத்தி, கடைசியில் ஐந்து என்று முடிவு செய்தார்கள். அவர்களில் மூவர் பயணிகளின் பிள்ளைகள்.